எத்தனை உலை

"கொஞ்சம் வெளியே இருங்கம்மா, பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுறோம்" என்று கேள்வித்தாள் குழுத் தலைவர் சொன்னபோது அவர் குரலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் காபி கொடுத்து முடித்த பெண்ணை உள்ளே போகச் சொல்கிற அதே பதமான குரல்தான். இசக்கியம்மாள் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள், கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. நடைவழியில் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற இரும்பு நாற்காலிகள் அவள் இந்தப் புள்ளியியல் துறையில் சேர்ந்த நாள் முதல் அங்கேதான் கிடக்கின்றன. எது ஆடும் எது ஆடாது என்று அவளுக்குத் தெரியும், ஆடாததில் உட்கார்ந்தாள். உள்ளே அவளுடைய கேள்வியை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி என்றால் பெரிய கேள்வியில்லை, ஒரே வரி, "இந்த வீட்டில் எத்தனை இடத்தில் உலை வைக்கிறார்கள்?" அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க வீடு வீடாகப் போகப்போகிற சர்வேயில் அந்த வரி இருக்குமா அடிபடுமா என்பதுதான் அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது தீர்மானமாகிறது. இருந்தால், மகன் வீட்டுப் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்னுகிற தாய்மார்கள் கணக்கில் வருவார்கள். அடிபட்டால் மகன் வீட்டுச் சோற்றில் கரைந்துபோவார்கள். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், தனி உலை என்றால் தனிக் குடும்பம், கூரை ஒன்றாக இருந்தாலும் சரி, ரத்தம் ஒன்றாக இருந்தாலும் சரி. துறையின் கையேட்டில் என்றைக்கோ எழுதிவைத்த விதி இது. எழுதிவைத்தார்கள், ஆனால் வாசலில் நின்று யாரும் கேட்கவில்லை. கேட்டது அவள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு தானாக நிமிரும், இப்போதும் நிமிர்ந்தது.

கடைநிலை உதவியாளர் முனிரத்தினம் இரண்டாம் முறையாகத் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். தட்டில் பிஸ்கட். பிஸ்கட் என்றால் கூட்டம் சீக்கிரம் முடியும், சமோசா என்றால் இழுக்கும், பஜ்ஜி என்றால் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். இந்தத் துறையில் எந்த அறிக்கையையும்விட நம்பகமான தகவல் முனிரத்தினத்தின் தட்டுதான். "மேடம், உங்களுக்கு ஒரு டீ குடுக்கட்டா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள். "இன்னும் பேசிட்டுதான் இருக்காங்க. தாமஸ் சார் ஒருத்தர்தான் பிஸ்கட் தொடல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கணினிப் பிரிவுத் தாமஸ் சார் பிஸ்கட் தொடவில்லை என்றால் அவளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரே ஒரு தகவலை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, அது அவளுடைய வேலைக்கே அவமானம். வேலை. இதை என்னவென்று சொல்வது? சொந்த ஊர் களக்காட்டில் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்பார்கள், மெட்ராசில் என்ன உத்தியோகம் என்று. சமூகவியல் ஆராய்ச்சி என்பாள். அப்படின்னா என்பார்கள். சர்க்காரில் புள்ளிவிவரம் என்பாள். ஓ, கணக்கெடுக்க வாற புள்ளைகளா என்று அவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கும், தாலுகா ஆபீசில் இருந்தாலாவது ஒரு சான்றிதழுக்கு உதவுவாளே என்ற ஏமாற்றம். அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் வேறொன்று ஓடும். உங்க ஊரில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தை விட்டார்கள், எத்தனை வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று சட்டசபையில் ஒருத்தர் எழுந்து பேசுகிறாரே, அந்தக் கணக்கை அவர் வாயில் வைத்தது யார்? நான்தான் மயினி, பாயசம் வாங்கிக்கோங்க. இப்படிச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. மடியில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. இந்நேரத்துக்கு அம்மா ஏன் கூப்பிடுகிறாள், பகல் வேளையில் கூப்பிடுகிற பழக்கமே இல்லையே என்று பார்ப்பதற்குள் ஓய்ந்துவிட்டது. பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்தக் கேள்வி பிறந்தது இராமநாதபுரம் பக்கத்தில். களப்பணிக்கு வந்த பெண்ணோடு மேற்பார்வைக்கு அவளும் போயிருந்தாள். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில், கருவேலங்காடு முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. வாசலில் நின்ற மனுசன் நல்லவன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், நானு, சம்சாரம், ரெண்டு புள்ள, அம்மா, அம்புட்டுத்தான், ஒரே குடும்பம். களப்பணிப் பெண் எழுதிக்கொண்டாள். இசக்கியம்மாள் கண்ணில் பட்டது வீட்டுக்குப் பின்னால் எழுந்த புகை. "பின்னால யாரு சமைக்கிறா?" என்று கேட்டாள், சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி. "அது எங்கம்மா. வென்னி வைக்கிது." வெந்நீர். ஆனால் காற்று இந்தப் பக்கம் திரும்பியது, காற்றில் புளி மணந்தது, புளியும் மீனும். வெந்நீர் வைக்கிற சட்டியில் எந்த ஊரில் புளி மணக்கும்? அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த மனுசன் பொய்யன் இல்லை, அவனுக்கு அந்தப் புகையைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஊரார் முன்னால், சர்க்கார் ஆள் முன்னால், பெற்றவள் தனியாகப் பொங்குகிறாள் என்று எந்த மகன் சொல்வான்? நன்றி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியபோது பின்கட்டு கடந்துபோயிற்று. ஒரு அம்மா ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள், இவர்களைப் பார்த்துவிட்டு ஊதுவதை நிறுத்தினாள், கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். தன்னையும் ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. ஜீப் போய்விட்டது. அந்தக் கை நெற்றியிலேயே இருந்தது. ஊர் திரும்பும் வழியெல்லாம் இசக்கியம்மாளுக்குப் புத்தியில் புளி மணந்துகொண்டே இருந்தது.

கேட்பது என்றால் லேசு என்று நினைக்கிறார்கள். வாய் இருந்தால் கேட்டுவிடலாமாம். முதலில் அவள் எழுதியது, "இந்த வீட்டில் யாராவது தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்களா?" அதைக் கொண்டுபோய்க் கேட்ட இடமெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. ஒரு வீட்டில் கதவையே சாத்திவிட்டார்கள். சரி, ஆளைக் கேட்க வேண்டாம், பொருளைக் கேட்போம் என்று "எத்தனை அடுப்பு?" என்று மாற்றினாள். எல்லோரும் ரெண்டு, மூணு என்று அள்ளிவிட்டார்கள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பார்த்தால் கேஸ் அடுப்பின் பர்னர்களை எண்ணியிருக்கிறார்கள். அன்றைக்கு ஆபீசே அவளைப் பார்த்துச் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்ய. கடைசியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது வந்ததுதான் உலை. உலை வைப்பதென்றால் சோறு பொங்குவது, அதில் பர்னர் கணக்கு வராது. அதை எங்கே வைப்பது என்பது அடுத்த சங்கதி. குடும்ப உறுப்பினர் பகுதியில் வைத்தால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள். கூரை என்ன கூரை, குழாய் எத்தனை, பல்பு எத்தனை என்று வருகிறதே, அந்த வரிசையில் கொண்டுபோய்ச் செருகினாள். குழாய் ஒண்ணு, பல்பு நாலு, உலை ரெண்டு. அதே தாளத்தில் வாயிலிருந்து வந்து விழுந்துவிடும், வெட்கத்துக்கு எழுந்து நிற்க நேரமிருக்காது. முன்னோட்டமாகச் சில மாவட்டங்களில் கேட்டுப் பார்த்தபோது மகன்களே சொன்னார்கள், ரெண்டு என்று, ஒரு தயக்கமுமில்லாமல். ஒரு வரியை ஒரு படி மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவளை வெளியே யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டாம். நல்ல கேள்வி கேட்டவரின் பெயரைக் கேட்காது, பதிலை வாங்கிக்கொண்டு போய்விடும்.

பதில் வந்தது, ஆனால் அட்டவணை வந்தபோது தனித்து வாழும் பெண்கள் என்ற வரிசை காலி. காலி என்றால் முன்பைவிடவும் காலி. களத்தில் தன் கண்ணால் பார்த்ததெல்லாம் பொய்யா என்று அவளுக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிறகு கீழ்த்தளத்துக்குப் போய்த் தாமஸ் சாரைப் பிடித்தாள். வருகிற தகவலைக் கணினியில் சுத்தம் செய்கிற பிரிவு அவருடையது. எதையும் குருட்டுத்தனமாகச் செய்கிறவர் இல்லை, விதிப்படி செய்கிறவர். விதி என்னவென்றால் ஒரே கதவு எண்ணில், ஒரே ரேஷன் கார்டில் இரண்டு குடும்பம் வந்தால் அது இரட்டைப் பதிவு, தவறு, ஒன்றாக்கு. கணினி ஒன்றாக்கிவிட்டது. "அடப் பாவமே, அம்மாக்களையெல்லாம் பிள்ளைகளோட சேர்த்து வச்சிட்டேனே மேடம்" என்றார் தாமஸ். "ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி முடியாத காரியம் சார், உங்க கம்ப்யூட்டர் ஒரு பட்டனைத் தட்டி முடிச்சிடுச்சு" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தாமஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், வேண்டியதைவிட அதிக நேரம். எத்தனை வருசமாக இந்த விதி ஓடுகிறது, எத்தனை சர்வேயில் எத்தனை பேரைச் சுத்தம் செய்து துடைத்தெறிந்தோம் என்று இரண்டு பேருமே வாயைத் திறந்து கேட்கவில்லை. சில நாள் கழித்துப் புதிய அட்டவணையை அவரே மாடியேறிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த வரிசை நிரம்பியிருந்தது. இசக்கியம்மாள் அந்த எண்ணைப் பார்த்தாள், அதற்குள்ளே எங்கோ நெற்றியில் கை வைத்து நிற்கிற ஒருத்தியும் இருக்கிறாள். பெயர் இல்லை, முகம் இல்லை, இருந்தாலும் இருக்கிறாள். அன்றைக்கு அவள் பட்ட பெருமையை எந்தச் சம்பள உயர்விலும் பட்டதில்லை.

எல்லாம் சரி. இவ்வளவு செய்தவள் சற்று முன் உள்ளே ஏன் வாயடைத்துப்போனாள்? அதுதான் முள்ளாக நிற்கிறது, எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் நினைப்பு அங்கேதான் வந்து சிக்குகிறது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், படித்த மனுசர், குத்தலாகப் பேசுகிறவரில்லை. "அம்மா, உங்க உழைப்பை நான் குறை சொல்லல. ஆனா இப்படிக் கேட்டா ஜனங்க மனசு புண்படாதா? பெத்த தாயைப் பின்னால வச்சிருக்கியான்னு கேக்கிற மாதிரியில்ல இருக்கு? அதுவும் இது எங்கேயோ ஒண்ணு ரெண்டு வீட்டுச் சமாச்சாரம். உங்களுக்கு நேரடியாத் தெரிஞ்ச, பழகின வீடு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நேரடியாகத் தெரிந்த வீடு. "களக் குறிப்பெல்லாம் இணைப்பில் இருக்கு சார்" என்றாள். நல்ல பதில்தான், சரியான பதில்தான், ஆராய்ச்சி செய்கிறவள் தன் வீட்டைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது, அது முறையில்லை. முறையா, வெட்கமா? களக்காட்டில் அண்ணன் சுடலைமுத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அம்மா தனியாகத்தான் பொங்குகிறாள். அப்பா போன பிறகு ஆரம்பித்தது. மருமகள் வைக்கிற குக்கர் சோறு சோறே இல்லை, களி என்பாள் அம்மா. அம்மாவுக்கு எங்க சாப்பாடு ஒத்துக்கலை என்பாள் மயினி, அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டான். மூன்று பேரையும் தனித்தனியாகப் பேட்டி எடுத்தால் மூன்று காரணம் வரும், இசக்கியம்மாள் தன் தொழில் வழக்கப்படி அதற்குக் "காரணம் தெரியவில்லை" என்றுதான் குறியீடு போட வேண்டும். ஊருக்குப் போனால் அவளுக்கு மதியம் இரண்டு சாப்பாடு. மயினி வைக்கிற சாம்பாரையும் பொரியலையும் முன்கட்டில் தின்ன வேண்டும். கை ஈரம் காய்வதற்குள் பின்கட்டுக்குப் போய் அம்மாவின் சாளை மீன் புளிக்குழம்பையும் தின்ன வேண்டும். ஒன்றைக் குறைத்தாலும் ஒரு முகம் வாடும். கையேட்டின்படி விருந்தாளி எந்த உலையில் சாப்பிட்டாரோ அந்தக் குடும்பத்தின் விருந்தாளி. அப்படியானால் நான் யாருடைய விருந்தாளி? வயிறு வெடிக்கப் படுத்துக்கொண்டு இதை யோசித்திருக்கிறாள். சென்னை ஆபீசில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. எங்கம்மா அண்ணன்கூட இருக்காங்க, இதுதான் அவள் எல்லோருக்கும் சொல்கிற பதில். வெந்நீர் வைக்கிது என்று அந்த இராமநாதபுரத்துக்காரன் சொன்னானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாளைக்கு அறிக்கை அச்சாகி, அண்ணன் கையில் யாராவது கொடுத்து, பாரப்பா உன் தங்கச்சி உன்னைத்தான் எழுதியிருக்கா என்று சொன்னால்? தன் வீட்டு அழுக்கைச் சர்க்கார் தண்ணீரில் அலசினாள் என்று மயினி சொன்னால்? இல்லை, இது அம்மாவுக்காக எழுதின கேள்வி இல்லை, இராமநாதபுரத்தில் பிறந்த கேள்வி. ஆனால் அங்கே மற்றவர்களுக்கு மணக்காத புளி தனக்கு மட்டும் ஏன் மணந்தது? அந்த வாசனை எந்த வீட்டுப் பின்கட்டில் பழகிய வாசனை? கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. அம்மா. இரண்டாம் முறை கூப்பிடுகிறாள் என்றால் விழுந்துகிழுந்து வைத்தாளோ, கொட்டகையில் தீப்பிடித்ததோ, ஒரு நொடிக்குள் அவள் மனசு அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிவிட்டது. எழுந்து சன்னல் பக்கம் போய் எடுத்தாள். "என்னம்மா, என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆவலட்டி. சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். சொல்லு." "ஒங்க ஆபீஸ்லேருந்து ஒரு புள்ள வந்தா இன்னைக்கு. கணக்கெடுக்க." இசக்கியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் முன்னோட்டம் திருநெல்வேலிப் பக்கம் நடக்கிறது, அது தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்பது குலுக்கலில் விழுவது, அதை அவள் தெரிந்துகொள்ளக் கூடாது, கேட்கவும் கூடாது, அதுதான் சட்டம். "அம்மா, அம்மா, அதெல்லாம் என்கிட்ட சொல்லப்படாது. நீ சொன்ன பதில் ரகசியம்." "என்னத்த ரகசியம்? என் அடுப்பு எனக்கு ரகசியமாட்டி? ஊரே பாக்கு அந்தப் பொகைய." அம்மா நிறுத்தவில்லை, செல்லக்கனி பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் பிறந்து வர வேண்டும். "கேளு. கொழா எத்தனன்னு கேட்டா, பல்பு எத்தனன்னு கேட்டா, அதே வாக்குல ஒல எத்தன எடத்துல வைக்கியன்னு கேட்டா. ஒங்கண்ணன் ஒண்ணுன்னுட்டான். நான் வெறவு அள்ளிக்கிட்டு நிக்கேன். எனக்கு வந்துது பாரு கோவம். ஏ புள்ள, ரெண்டுன்னு எழுது, ஒண்ணு அவன் வீட்டுல, ஒண்ணு என் வீட்டுலன்னேன்."

"அண்ணன் என்ன சொன்னான்?" என்று கேட்டுவிட்டாள், கேட்கக் கூடாது என்று சொன்ன அதே வாயால். "மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. பொறவு அவனே உள்ள போயி நாற்காலிய எடுத்தாந்து, என் அடுப்புக்குப் பக்கத்துல போட்டு, உக்காந்து எங்கம்மாகிட்ட கேளும்மான்னுட்டுப் போனான். கெட்டவனில்லட்டி அவன்." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் புள்ள உக்காந்து மொதல்லேருந்து கேட்டா எல்லாத்தையும். குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டா. நாந்தாம்னேன். செல்லக்கனின்னு மொத வரியில எழுதிக்கிட்டா. ரேசன் கார்டுல அந்தக் காலத்துல ஒங்கப்பா பேரு, இப்பம் மருமவ பேரு. என் பேரு எங்கயும் மொத வரியில வந்ததில்ல, பாத்துக்க." குரலில் அழுகை இல்லை. இத்தனை வருசமாக இசக்கியம்மாள் அந்தக் குரலில் அழுகையைத் தேடிக்கொண்டிருந்தாள், அம்மா தனியாகப் பொங்குகிறாளே என்று நினைத்து நினைத்து உருகியிருக்கிறாள், இப்போது கேட்டால் அம்மா குரலில் பரிசு வாங்கின பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் துள்ளல். தனியாக விடப்பட்டவள் என்று இவள் எழுதி வைத்திருந்தாள், தனியாக ஆளுகிறவள் என்று அங்கே ஒருத்தி சொல்கிறாள். என் அரிசி, என் விறகு, என் உலை. "ஒரு ஆளுதானாம்மா குடும்பத்துலன்னு கேட்டா. ஆமா, ஒரு ஆளு, நாலு கோழின்னேன். கோழி கணக்குல வராதாம்லா" என்று அம்மா சிரித்தாள். பிறகு சொன்னாள், "எவனோ வெவரமானவன்தாண்டி அந்தக் கேள்விய எழுதியிருக்கான். ஒல எத்தனன்னு எவனுக்குக் கேக்கத் தோணும்?" இசக்கியம்மாள் திருத்தினாள். "எவன் இல்லம்மா. எவளோ ஒருத்தி." "பொம்பளையா? அதான பாத்தேன்" என்றாள் அம்மா. "யாரா இருந்தா என்ன, அவளப் பெத்தவ நல்லா இருக்கணும். வைக்கட்டுமா, ஒல கொதிக்கு."

வைத்துவிட்டாள். இசக்கியம்மாள் சன்னலோரத்திலேயே நின்றாள். கீழே சாலையில் பஸ் போய்க்கொண்டிருந்தது, ஒன்றும் கண்ணில் ஏறவில்லை, கண் மங்கிக் கிடந்தது. சிரிப்பும் வந்தது. இப்போது உள்ளே போய் இதைச் சொன்னால் பேராசிரியர் வாயடைத்துப்போவார், சார், இன்றைக்குக் காலையில் நடந்தது கேளுங்கள் என்று ஆரம்பித்தால் போதும். சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் நம் ஆள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் அந்த வீட்டோடு போக வேண்டியது, அது அம்மா வீடாக இருந்தாலும், அம்மா வீடாக இருப்பதால் இன்னும் கண்டிப்பாக. தோற்றாலும் சரி, அதைச் சொல்ல மாட்டாள். இதில் அவளுக்குத் தயக்கமே இல்லை, இத்தனை வருசம் தின்ற உப்பு அது. ஆனால் புகை? புகை ரகசியமா? ஊரே பாக்கு அந்தப் பொகைய. சர்வே வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எழுகிற புகை அது, வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். அதை மறைத்து வைத்திருந்தது களக்காட்டில் யாருமில்லை. மெட்ராசில் ஒருத்திதான். கதவு திறந்தது, முனிரத்தினம் தலையை நீட்டி, "மேடம், கூப்பிடுறாங்க" என்றார். உள்ளே மேசையில் தெரிந்த தட்டில் இன்னும் பிஸ்கட்தான்.

உள்ளே ஏசி குளிராக அடித்தது. தாமஸ் சார் அவளைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், அவர் காது மடல் சிவந்திருந்தது, நன்றாகவே பேசியிருக்கிறார். குழுத் தலைவர் அவளை உட்காரச் சொன்னார். "தாமஸ் விடமாட்டேங்கிறார்மா. அந்தக் கேள்வியை எடுத்தா என்னையும் எடுத்துடுங்கங்கிறார். சரி, கேள்வி இருக்கட்டும். எல்லாரும் ஒத்துக்கிட்டோம்." அவளுக்கு உடனே விளங்கவில்லை. இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான். அடுத்த ஆண்டு குமரியிலிருந்து திருத்தணி வரைக்கும் வாசல் வாசலாக அந்த வரி போகப்போகிறது. பேராசிரியர் மேலே பேசிக்கொண்டிருந்தார், "ஆனா ஒரு சந்தேகம். கையேட்டில் தெளிவா எழுதணும். வாசல்ல நிக்கிற மகன் ஒரு உலைங்கிறான். பின்னாலேருந்து அம்மா வந்து ரெண்டுங்கிறாங்கன்னு வச்சுக்குங்க. நம்ம ஆள் எதை எழுதணும்?" இசக்கியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உலை வச்சவங்க சொல்றதைத்தான் சார் எழுதணும். எழுதிட்டு, நம்ம ஆள் எழுந்து அந்த உலை இருக்கிற இடத்துக்குப் போகணும். அங்க உக்காந்து முதல்லேருந்து கேக்கணும்." பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார், நல்லா இருக்கு, இப்படியே கையேட்டில் போட்டுடலாம் என்றார். "மனசு புண்படுமேங்கிறதுதான் எனக்கு இன்னும்..." "யார் மனசு சார்?" என்றாள் அவள், மெதுவாகத்தான். "வாசல்ல நிக்கிறவர் மனசு கொஞ்சம் புண்படும். பின்னால இருக்கிறவங்களை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே." அவர் தன் காகிதங்களை மூடினார். எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, தாமஸ் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

காரியம் முடிந்துவிட்டது, கேள்வி பிழைத்துவிட்டது, இனி ஒன்றும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் சொல்லலாம் என்று அவளுக்குப் பட்டது. "சார், நேரடியாத் தெரிஞ்ச வீடு ஒண்ணு சொல்லுன்னு கேட்டீங்க" என்றாள். பேராசிரியர் கதவுப் பக்கம் போனவர் திரும்பினார். அவள் குரல் நடுங்கவில்லை, கல்யாண வீட்டில் தன் வேலையைச் சொல்லும்போதுகூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. "இருக்கு சார். களக்காட்டுல. எங்கண்ணன் வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை, விறகு அடுப்பு. சாளைப் புளிக்குழம்பு நல்லா இருக்கும். ஆள் ஒண்ணு. குடும்பத் தலைவர் செல்லக்கனி, எங்கம்மா."